நாலு மணிச் சோம்பேறி

“சும்மா இருந்தன்.”

சஜீவன் இதைச் சொன்னதும் கூட்டத்தில் குபீரென்று சிரிப்பு.

கண்டக்குழிக் கோயில் சேவைக் குழுவில் சனிக்கிழமைதோறும் ஒவ்வொருவராக எழும்பி, அந்தக் கிழமை செய்த சேவையைச் சொல்ல வேண்டும். தலைவி ஜசிந்தாவுக்குச் சொல்ல ஒரு வாய் போதாது. பதினாலு வீட்டுக்குக் கஞ்சி, ஆறு நோயாளி, ரெண்டு செத்த வீடு. இந்தச் சஜீவனுக்கோ ஒரு மாதமாக ஒரே பாட்டு.

“சும்மா எண்டா?” என்றாள் ஜசிந்தா.

“பின்னேரம் நாலு மணிக்குக் கோயில்ல போய் இருப்பன் அக்கா. ஒரு மணித்தியாலம். செபம்தான்.”

“எல்லாரும் முழந்தாள்ல நிண்டா உலை வைக்கிறது ஆர்? வானத்தில இருந்து சம்மனசா வந்து வைக்கும்?”

ஜசிந்தா விடவில்லை. சோம்பேறிக்குப் புத்தி சொல்லாமல் விடலாமா!

“என்னைப் பார். கொழுந்தனைக் கடல் கொண்டுபோய் மூணு மாசமாகல்ல. நான் மூலையில குந்தினனா? ஏழாம் நாள் பூசை முடிஞ்ச கையோட கஞ்சிச் சட்டியைத் தூக்கிட்டு வெளிக்கிட்டன்!”

“ஓம் அக்கா, தெரியும்.”

அந்தப் பணிவைப் பார்த்து ஜசிந்தாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. “இவன்ட பேரை வெட்டு,” என்றாள்.

“கண்ணால காணாம எப்பிடி வெட்டுறது? பாதர் கேப்பாரே,” என்று இழுத்தாள் செயலாளர் பிலோமினா.

“காணத்தானே வேணும்? திங்கக்கிழமை வா. கோயிலுக்குள்ள இவன் குறட்டை விடுறதைக் காட்டுறன்.”

திங்கள் பின்னேரம் இருவரும் புறப்பட்டார்கள். போகிற வழியில், பக்கவாதம் வந்த கிழவர் ஒருவரின் வாசலில் ஜசிந்தா கஞ்சியை வைத்தாள். கிழவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “குடிச்சிட்டுச் சட்டியைக் கழுவி வைக்கச் சொல்லுங்க!” என்று கத்திவிட்டு நடையைக் கட்டினாள். நின்று கதை கேட்க இவளென்ன வேலை வெட்டி இல்லாதவளா?

கோயில் கதவடியிலேயே குறட்டை கேட்டது.

ஜசிந்தாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. பிலோமினாவின் கையைக் கிள்ளினாள். “கேட்டியா? இதுதான் அவர்ட செபம்!”

தடதடவென்று முன்வரிசை வாங்குக்குப் போனாள்.

சஜீவன் நிமிர்ந்துதான் இருந்தான். கையில் செபமாலை. கண் நன்றாகத் திறந்திருந்தது. அவன் தோளில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவன் மனுவேல். ஜசிந்தாவின் புருசன்.

“இந்த மனுசன் இங்க என்ன செய்யுது!”

“மெதுவா அக்கா,” என்று கிசுகிசுத்தான் சஜீவன். “நான் செபத்துக்குத்தான் வந்தன். ஒரு நாள் இவரும் வந்து பக்கத்தில இருந்தார். வீட்டில தனியக் கண்ணை மூடினா, செத்துப்போன தம்பி கடல்ல நிண்டு கூப்பிடுற சத்தம் கேக்குதாம். பக்கத்தில ஆளிருந்தா இந்த ஒரு மணித்தியாலம் தூங்குவார். அதான் நான் அசையிறதில்ல.”

ஜசிந்தா குரலைத் தாழ்த்தினாள். “இதை ஏன்டா எனக்குச் சொல்லல்ல?”

“சொல்லவா எண்டு கேட்டன் அக்கா. ‘வேணாம், பாவம் அவள். நோயாளிகளப் பாக்கவே அவளுக்கு நேரம் காணாது’ எண்டார்.”