மிதக்கும் பறி

காலையில் எழுந்து பல் துலக்குகிறேன். ஸ்டவ்வைப் பற்றவைத்து ஒரு டம்ளர் டீ போடுகிறேன். அதை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வருகிறேன். கரையோரத் தண்ணீரில் பெண்கள் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். ஒவ்வொருத்தியின் பின்னாலும், இடுப்புக் கயிற்றில் கட்டிய, இறால் போடும் ஓலைப் பறி இரண்டு மிதவைக் கட்டைகளின் மேல் ஆடி வருகிறது. முன்பெல்லாம் அந்தப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் பிடிப்பார்கள். இன்ஜினியரிங் படித்த நான், இரட்டிப்பு இறால் கொள்ளும் தகரக்கூடை செய்து கொடுத்தேன், யாரும் தொடவில்லை. என் மனைவி மஸூதா தண்ணீரில் இறங்கி அவர்களிடமே கேட்டு வந்தாள். "அவங்களுக்குப் பெரிய கூடை வாணாமாம். வாய்தான் வேணுமாம், பேசறதுக்கு." அதன் பிறகுதான் பறிக்கு மிதவை கட்டிக் கொடுத்தேன். இன்று ஏரி முழுக்க, ஆரம்பாக்கம் முதல் பசியாவரம் வரை பறிகள் மிதக்கின்றன. யாருடைய மருமகளோ குழம்பில் உப்பை மறந்த கதை தண்ணீர் மேல் ஓடிவருகிறது. ஈர முதுகுகளில் வெயில் மினுங்குகிறது. காசியம்மாள் நிமிர்ந்து கத்துகிறாள்: "இன்னா பாய், டீ குடிச்சியா?" தலையை மட்டும் ஆட்டுகிறேன். "நம்ம வாயெல்லாம் தொறந்தாச்சு. பாய் மட்டும் இன்னும் பறியைக் கடிச்சிக்கினே கீறாரு!" சிரிப்பு கரைவரை வருகிறது. டம்ளரில் டீ ஆடை கட்டுகிறது. போன மழைக்காலத்தில், கடும் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் படகில், என் மடியில் தலைவைத்துக்கொண்டு மஸூதா கடைசியாகச் சொன்னாள்: "இப்படி உம்முனு வராதீங்க. ஏதாச்சும் பேசிக்கினே வாங்க."