ஒரே கடையில் வாங்கிய இரண்டு துப்பாக்கிகள்

"இந்தத் துப்பாக்கியை வித்துடலாம் மாமா. வருஷா வருஷம் சுடறேன், ஒரு மான்கூட விழல" என்றான் கோரி.

வெண்டல் முகம் சுருங்கியது. மருமகனுக்குக் கல்யாணப் பரிசாக அவரே தேடி வாங்கிய வேட்டைத் துப்பாக்கி அது. அதே நாள், அதே கடையில், அதே வகையில் தனக்கும் ஒன்று வாங்கியிருந்தார்.

"என்னுது கண்ணு வெச்ச இடத்துல போய் விழுது. உங்களுது மட்டும் எப்படி மாப்ள கோணும்? இதை வாங்க இன்னிக்கும் ஆள் வரிசையில நிப்பான்."

"துப்பாக்கி கோணலா, மச்சான் கண்ணு கோணலான்னு பாத்துடலாமே!" என்றான் வெண்டலின் மகன் ரஸ். பக்கத்து மேசைகளில் துப்பாக்கி வைத்துக் குறிபார்த்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் அடுத்த சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது. அதற்கு முந்தைய வாரம் குறி சரிபார்க்க ஊரே இந்தக் கல்குழி மைதானத்துக்கு வந்துவிடும். நூறு கஜத் தொலைவில் பெரிய அட்டைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வெள்ளைக் காகிதத் தட்டு.

கோரிக்கு ஆரஞ்சுத் தொப்பிக்குள் வியர்த்தது. துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. முதல் வருடம் குறிக்குள் வந்து நின்ற மான், அவனைப் பார்த்தபடி வெண்புகையாக மூச்சுவிட்டது. அவன் விரல் மடங்கவே இல்லை. இதைச் சொல்லிவிட்டு இந்த வீட்டில் தலைநிமிர முடியுமா? அவன் மனைவி மார்லிஸே பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மான் சுட்டவள்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தான். துப்பாக்கியின் மேல் குறிபார்க்கப் பொருத்திய தொலைநோக்கியான ஸ்கோப்பில், மூடிக்கு அடியில் இரண்டு சிறிய திருகுகள் இருக்கும். ஒரு சொடுக்கு திருப்பினால், நூறு கஜத்தில் தோட்டா விழும் இடம் கால் அங்குலம் நகரும். ஒரு முழம் நகரும்வரை திருப்பி வைத்துவிட்டான். அதன்பின் மானை நேராகக் குறிபார்த்து, யாரும் குற்றம் சொல்ல முடியாதபடி நிதானமாகச் சுடலாம். மான் ஓடிவிடும்.

யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே வேட்டை முகாமில் ஒருவருடைய மான் அனுமதிச் சீட்டுக்கு இன்னொருவர் சுட்டுக்கொள்ளலாம். வீட்டு உறைபெட்டியை நிரப்புவது எப்போதும் ரஸ்தான்.

ஆனால் மாமா இன்று கண்டுபிடித்தால், பொய் வெளிவருவதோடு போகாது. திருகையும் சரிசெய்துவிடுவார். சனிக்கிழமை மானை வீழ்த்தியே ஆக வேண்டும்.

"வெட்டியா தோட்டா எதுக்கு மாமா? விட்டுடுங்க."

"அட, குடுங்க மாப்ள. நானே சுட்டுப் பாக்கறேன்."

"அப்போ அப்பாவோடதை மச்சான் சுடட்டும். வித்தியாசம் தெரிஞ்சுடும்" என்றான் ரஸ்.

"என்னுது எதுக்குடா? நேத்துதான் துடைச்சு எண்ணெய் போட்டேன்."

"சுட்டா தேஞ்சா போயிடும்?" ரஸ் உறையைப் பிரித்து, அப்பாவின் துப்பாக்கியைக் கோரியிடம் நீட்டிவிட்டு, சாசேஜ் ரொட்டி வாங்கப் போய்விட்டான்.

தோட்டா ஏற்றும் போல்ட்டைக் கதவுத் தாழ்ப்பாளைப் போலத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கி, கோரி மூன்று தோட்டா சுட்டான். காகிதத்தைச் சுட அவனுக்குக் கை நடுங்குவதில்லை. பக்கத்து மேசையில் வெண்டலும் மருமகனின் துப்பாக்கியால் மூன்று சுட்டார்.

சுடுவதை நிறுத்தச் சொல்லி விசில் ஒலித்தது. எல்லோரும் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு அட்டைகளைப் பார்க்க நடந்தார்கள். கோரிக்கு ஓடவும் வழியில்லை. முன்னால் மண்மேடு, பின்னால் ஊர்.

மட்டமான துப்பாக்கி என்றால் தோட்டாக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறும். மூன்றும் ஒரே இடத்தில் விழுந்து, அந்த இடம் மட்டும் தள்ளி இருந்தால், துப்பாக்கி அருமையானது. திருகை யாரோ திருப்பியிருக்கிறார்கள். இதை வெண்டலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அவர் சுட்ட அட்டையில் தட்டு வெள்ளையாகவே இருந்தது. அட்டையின் இடது ஓரத்தில் மூன்று துளைகள். வெண்டல் கட்டைவிரலை வைத்தார். மூன்றும் மறைந்துவிட்டன.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கோரி தான் சுட்ட அட்டைப் பக்கம் திரும்பினான்.

அங்கேயும் தட்டு வெள்ளையாகவே இருந்தது. வலது ஓரத்தில் மூன்று துளைகள், ஒரு கட்டைவிரலுக்குள் அடங்குகிற மாதிரி.

ஸ்கோப் ஆடியிருந்தால் சிதறியிருக்குமே? மாமா தன் துப்பாக்கியை யாரையும் தொடவிட்டதுகூட இல்லையே?

அதற்குள் வெண்டல் இரண்டு அட்டைகளையும் பிய்த்து ஒன்றாக மடித்துக் கக்கத்தில் செருகிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, எது தேறிச்சு?" தூரத்திலிருந்து ரஸ் கத்தினான்.

"ரெண்டும் ஒண்ணுக்கும் உதவாதுடா!" என்று பதிலுக்குக் கத்தினார் வெண்டல்.

பிறகு மருமகன் பக்கம் குனிந்து சொன்னார்: "யார் என்ன விலை குடுத்தாலும் வித்துடாதீங்க மாப்ள."