ஒவ்வொரு கவளமும் ஒரு சல்யூட்

“ஆக்‌ஷன்” என்றதும் அவள் ரொட்டியைப் பிட்டு அந்தப் பையனுக்கு ஊட்டினாள்.

“கட்” என்றதும் அவன் திரும்பிக் காகிதத்தில் துப்பினான்.

மறுபடியும்.

அவன் ராணுவ உடை மாட்டிய நடிகன். பெயின்ட் வாடை போகாத அந்தப் பொய்ச் சமையலறையில் நிஜம் அவள் மட்டும்தான். விளம்பரத்துக்கு, உண்மையிலேயே ராணுவத்தில் மகனைப் பறிகொடுத்த அம்மாதான் வேண்டும் என்று மாவுக் கம்பெனி தேடிப் பிடித்திருந்தது.

மேசையில் மாவுப் பாக்கெட். அதன்மேல் கோதுமைக் கதிர், துப்பாக்கிப் படம். கீழே பெரிய எழுத்தில், ‘ஒவ்வொரு கவளமும் ஒரு சல்யூட்.’

அவள் அதற்காக வரவில்லை. மகன் உடல் வந்த பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். விடுப்பில் வந்த பிள்ளைக்கு அம்மா ஊட்டுவதுதான் காட்சி என்று இவர்கள் விவரித்தபோது, ஒரு வாய் ஊட்டிவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றியது. யாருக்கு என்று அவள் யோசிக்கவில்லை.

இவனோ துப்புகிறான்.

“கண்ணு லேசா கலங்கினா போதும்மா. அழுதுடாதீங்க, அழுதா மாவு விக்காது” என்றார் இயக்குநர். யாரோ சிரித்தார்கள்.

அவள் பையனின் பக்கம் குனிந்தாள்.

“ஏம்ப்பா, பிடிக்கலியா? ஒரு வாய்கூட உள்ள போகலியே.”

அவன் அவளையே பார்த்தான்.

“ஆக்‌ஷன்.”

ஊட்டினாள். மென்றான். அவள் பார்வை அவன் தொண்டையிலேயே நின்றது.

தொண்டை ஏறி இறங்கியது.

இத்தனை மாதமாக அவளுக்குள் நின்றுகொண்டே இருந்த எதுவோ ஒன்று மெல்ல உட்கார்ந்தது. அவன் உதட்டோரம் ஒட்டிய துணுக்கை விரலால் துடைத்துவிட்டாள்.

“இன்னொரு வாய், என் ராசா.”

அது வசனத்தில் இல்லை.

விளக்குகளுக்குப் பின்னால், ரொட்டியை அலங்கரித்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கேமராவுக்குப் பளபளக்க வேண்டுமென்று அவள் ரொட்டியில் தடவியிருந்தது வெண்ணெய் அல்ல, வண்டிக்கு ஊற்றுகிற என்ஜின் ஆயில். அங்கே எல்லோருக்கும் அது தெரியும், நடிகனுக்கும். அம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பாசம் வராதாம்.

அம்மா அடுத்த துண்டைப் பெரிதாகவே பிட்டாள்.

இயக்குநர் “கட்” சொல்லவில்லை. இப்படி ஒரு முகம் இனி அவருக்குக் கிடைக்கப்போவதில்லை.

நடிகன் வாயைத் திறந்தான்.