பெயர் எழுதாத சீட்டு

லீமா டீச்சர் வராந்தாவுக்கு வந்து கதவைச் சாத்தினார்.

உள்ளே பள்ளி மேலாண்மைக் குழு உட்கார்ந்திருந்தது. பெற்றோரும் ஆசிரியர்களுமாகப் பதின்மூன்று பேர். நடக்கிற கூட்டத்திலிருந்து தலைமையாசிரியை எழுந்து வெளியே போனது இதுதான் முதல் தடவை.

நாற்பத்தொரு பிள்ளைகள் படிக்கும் பள்ளி. போன வாரம் வாசிக்கச் சொல்லிப் பார்த்ததில், இருபத்து மூன்று பேருக்கு ஒரு வரிகூட வரவில்லை.

இதைப் பற்றி ஏற்கனவே இரண்டு கூட்டம் போட்டாயிற்று. லீமா பேசுவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

இன்று ஒரு சாக்பீஸ் டப்பாவைச் சுற்றுக்கு விட்டார்.

"பிள்ளையளுக்கு ஏன் வாசிக்க வரல்லன்னு எழுதிப் போடுங்க. பேரு போடாண்டாம். நான் வெளிய நிக்கேன், நீங்களே வாசிச்சுப் பேசுங்க."

இப்போது அவரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வராந்தாவின் அந்த முனைவரை நடந்தார். திரும்பினார். மூடியிருந்த குழாயை இன்னும் இறுக்கினார். மணி மூன்று பத்து. மறுபடி பார்த்தார். அதே மூன்று பத்து.

குழுவின் தலைவி முத்துக்கனி ஒவ்வொரு சீட்டாக வாசிப்பது கேட்டது. அவள் மகள் இரண்டாம் வகுப்பு.

மழை பெய்தால் வகுப்பு ஒழுகுகிறது. டீச்சர்மார் போதாது. வீட்டில் பிள்ளைகள் எந்நேரமும் செல்போன்.

அடுத்த சீட்டில் குரல் நின்றது.

லீமா தூணைப் பிடித்துக்கொண்டார்.

முத்துக்கனி மெல்ல வாசித்தாள். 'தலைமையாசிரியை யார் சொன்னாலும் கேட்கமாட்டார்.'

கிழித்துப் போட்டுவிடுவார்களோ? உள்ளே ஓடிவிடலாமா என்று லீமாவுக்குக் கால் துடித்தது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். கடலுக்குப் போகும் ஜான்ரோஸ்.

"எழுதினது ஆராயிருந்தாலும், உள்ளதத்தான் எழுதியிருக்கு."

"நானும் ரெண்டு மட்டம் சொல்லப் போனேன்," என்றாள் முத்துக்கனி. "'அத நாங்க பாத்துக்கிடுவோம்'னு டீச்சர் அனுப்பிட்டாவ."

பிறகு யார் பேசுவது என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. காலையில் முதல் ஒரு மணி நேரம், எந்த வகுப்பு என்று பார்க்காமல், வாசிக்கும் அளவைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைக்கலாம் என்றது ஒரு குரல். அப்படியானால் தினமும் ஐந்து அம்மாமார் கூட வந்து உட்காருகிறோம் என்றது இன்னொன்று.

பிரித்து உட்காரவைக்கும் யோசனையை உதவி ஆசிரியை ஜின்சி ஜூன் மாதமே சொன்னாள். முழுதாகச் சொல்லி முடிக்க லீமா விடவில்லை.

காது சுட்டது. ஆனாலும் நகராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. ஜின்சிதான். முகம் வெளுத்துப்போயிருந்தது. வந்ததும் லீமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், சத்தியமா அத நான் எழுதல்ல."

"தெரியும் மக்கா. உள்ள போய் நீயும் பேசு."

ஜின்சி திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே போனாள்.

கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று, நேற்று வீட்டில் லீமா இடது கையால் எழுதிப் பார்த்தார். அந்த நான்கு சொற்களுக்கு ஆறு தாள் வீணாகி, ஏழாவதுதான் டப்பாவுக்குள் போயிருந்தது.