மூத்தவனுக்கு மூத்தவள்

“மூத்தது சோத்தாங்கைப் பக்கம், எளையது பீச்சாங்கைப் பக்கம். ஒழுங்கா நில்லுங்கடா!”

காளியப்பன் ஏரில் பூட்ட மாடு நிறுத்தவில்லை. எருமப்பட்டியிலிருந்து ஆட்டையாம்பட்டிக்குப் பஸ் மாறி வந்து, பெண் வீட்டுக் கூடத்தில் தன் இரண்டு மகன்களைத்தான் நிறுத்திக்கொண்டிருந்தார். தங்கசாமி, சுப்பையன். இரட்டைப் பிள்ளைகள்.

எதிரே பொன்னாத்தாள், கண்ணாத்தாள். அவர்களும் இரட்டை. இரட்டைக்கு இரட்டை தேடித் தாலுகா தாலுகாவாகச் செருப்பைத் தேய்த்தவர் காளியப்பன். கிடைத்த பிறகு வேறு எதையும் விசாரிக்கவில்லை.

“மொறை ஒண்ணுதானுங்க. மூத்தவனுக்கு மூத்தவ, எளையவனுக்கு எளையவ. தங்கசாமிக்குப் பொன்னாத்தா, சுப்பையனுக்குக் கண்ணாத்தா. நான் பூட்டுன ஜோடி எதுவும் இதுவரைக்கும் சண்டித்தனம் பண்ணதில்லீங்க.”

தங்கசாமி ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் முந்திப் பிறந்தவன். பொன்னாத்தாளும் அப்படியே. அந்த ஒரு வாய் வெற்றிலைக்குத்தான் இத்தனை மரியாதை.

சுப்பையன் முகம் செத்துப் போயிற்று. விசைத்தறி வந்த புதிதில் இதே ஊர்ப் பட்டறையில் வேலை பார்த்தவன் அவன். அங்கே நூல் சுற்ற வந்தவள் பொன்னாத்தாள். கட்டிக்கொள்வது என்று இரண்டு பேரும் எப்போதோ பேசி முடித்திருந்தார்கள்.

அதைக் காளியப்பனிடம் சொன்னால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். மாடுகள் தாமாகவே ஜோடி பார்த்துக்கொண்டால் எந்தக் குடியானவன்தான் பொறுப்பான்?

தங்கசாமிக்கு எதிலும் ஆட்சேபணை இல்லை; அவன் கண் மிக்சர் தட்டில் இருந்தது. கண்ணாத்தாளும் எவனானாலும் சரி என்று வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பொன்னாத்தாள் சட்டென்று உள்ளே ஓடினாள். “வெக்கமுங்க” என்றார் காளியப்பன், எல்லாம் தெரிந்தவராக. பெண்களைப் பெற்ற ராமாயி பின்னாலேயே போனாள்.

“அழுவாத சாமி. ஆத்தா ஒரு வழி வெச்சிருக்கறன்” என்று அடுப்படியில் மகளைத் தேற்றினாள். அடுப்பு ஊதுகிற சத்தம் மீதியை மூடிவிட்டது.

இங்கே கூடத்தில், சுப்பையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அவன் அம்மா முத்தாயம்மாள் தொண்டையைச் செருமினாள்.

“ஏனுங்க, மூத்தவன் தங்கசாமி இல்லீங்க.”

“என்னடி ஒளர்றே? அவந்தானே முந்தி வந்தவன்?”

“வந்தது முந்திங்க. உண்டானது பிந்தி. சாக்குல மொதல்ல போட்டது அடியில கெடந்து கடைசியிலதானுங்க வெளிய வரும்? மருத்துவச்சி அன்னைக்கே சொன்னா, சுப்பையந்தான் மூத்தவன்னு.”

காளியப்பன் யோசித்தார். ஆயுசு முழுக்கக் கடலை மூட்டை கட்டியவர். சாக்குக் கணக்கு அவருக்கு உடனே பிடிபட்டது.

“அதுஞ் செரிதான். ரெட்டையில பின்னால வந்ததுதான் மூத்ததுன்னு எங்கப்பனும் சொல்லும். டேய், எடம் மாறி நில்லுங்கடா!”

சுப்பையன் சோத்தாங்கைப் பக்கம் தாவினான். அந்தத் தாவலைப் பார்த்து ஒரு காளைகூட வெட்கப்பட்டிருக்கும். எதிரே பொன்னாத்தாளின் இடம். முத்தாயம்மாள் முந்தானையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்பறமென்ன, தட்டை மாத்திக்கலாம். தட்டு மாறிட்டா அப்பறம் மாத்தற பேச்சே கெடையாது, ஆமா!” என்றார் காளியப்பன்.

அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ராமாயிக்கு இதில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. காபித் தம்ளர்களை வைத்தாள். நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு வாயைத் திறந்தாள்.

“சம்பந்தி, ஒரு நெசத்தச் சொல்லோணுமுங்க. ரெட்டையில பிந்தி வந்ததுதான் மூத்ததும்பாங்களே, அப்படிப் பாத்தா எங்கூட்ல மூத்தவ கண்ணாத்தாதானுங்க.”

முத்தாயம்மாள் தலையில் கை வைத்தாள். உள்ளே நிலைப்படியில் புதுச் சிரிப்போடு எட்டிப் பார்த்த பொன்னாத்தாளும், வெளியே சுப்பையனும் ஒருவரையொருவர் வெறித்தார்கள். காளியப்பனுக்கு மட்டும் முகமெல்லாம் பல்.

“பாத்தீங்களா, கடைசியில நான் மொதல்ல நிறுத்துன ஜோடியேதான்!”