இரண்டு ஸ்டெர்யோஸ்

"நாம ஆராய்ச்சி பண்ற அந்த பார்க்கின்சன் மரபணு என் உடம்புலயே இருக்கு. சாம்பிள் தீர்ந்துபோச்சுன்னா யாரும் ஊர் ஊரா அலைய வேணாம், கையை நீட்டறேன்!"

கிரேக்க நாட்டின் லாரிசா நகர ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஸ்டெர்யோஸ் வலாகாஸ் இப்படித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். ஏதென்ஸில் மரபியல் படித்துவிட்டு வந்தவன். புதிதாகச் சேருகிறவர்தான் முதல் நாள் மற்றவர்களுக்கு இனிப்பு தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவன் வாங்கி வந்த பக்லாவாவை வாயில் போட்டிருந்தவர்கள் மெல்ல மறந்து விழித்தார்கள்.

"நல்லா சொன்னீங்க போங்க, தொண்டையில அடைக்குது!" என்றாள் உதவியாளர் லாம்ப்ரினி. "சரி, கல்யாணம் ஆயிடுச்சா?"

"எங்க ஊரு பெட்ரோவூனியில எதையும் மறைக்க முடியாதும்மா. நாளைக்குக் கை நடுங்கப் போறவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

எல்லோரும் சிரித்துவைத்தார்கள். தலைமை ஆய்வாளர் ஆர்கிரோ மட்டும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பெட்ரோவூனிக்குப் போய் வலாகாஸ் குடும்பத்தில் ரத்தம் எடுத்ததும், முடிவுகளைத் தபாலில் அனுப்பியதும் அவள்தான்.

அறைக்குப் போய்ப் பழைய பதிவேட்டைத் தேடிப் பிடித்தாள். ஸ்டெர்யோஸ் வலாகாஸ் என்று இரண்டு பேர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்காவிட்டால் அந்த ஊரில் குடும்பமே ரெண்டுபட்டுவிடும். அண்ணனும் வைத்தான், தம்பியும் வைத்தான்.

எண் 41, தனாசிஸின் மகன்: இல்லை. எண் 42, மிட்சோஸின் மகன்: உண்டு.

புதியவனின் விண்ணப்பத்தைப் புரட்டினாள். தகப்பனார் பெயர், தனாசிஸ்.

அன்று அனுப்பிய கடித உறை மேல் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதியிருந்தாள். உள்ளே வெறும் எண். தகப்பன் பெயரைச் சேர்க்கத் தோன்றாமல் போய்விட்டதே! தபால்காரர் மாற்றிக் கொடுத்திருப்பார். இல்லாத நோய்க்குப் பயந்து ஒருவன் பன்னிரண்டு வருடமாகத் தனிமரமாக நிற்கிறான்.

வேலை போனாலும் போகட்டும் என்று அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"உட்காருங்க ஸ்டெர்யோஸ். நான் பெரிய பாவம் பண்ணிட்டேன்."

"என்ன டாக்டர், வந்த அன்னிக்கே பாவமன்னிப்பா?"

"விளையாடாதீங்க. உங்களுக்கு அந்த மரபணு கிடையவே கிடையாது. கடிதம் மாறிப்போச்சு. உங்க சித்தப்பா மகனோடது உங்க கைக்கு வந்துடுச்சு. எல்லாம் என் கவனக்குறைவு." பதிவேட்டை அவன் பக்கம் திருப்பினாள். "ரத்தம் எடுக்கும்போது ஆளுக்கொரு நம்பர் சீட்டு குடுத்தேன். கடிதத்தோட அதை ஒத்துப் பார்த்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். யாரு பார்க்கறாங்க?"

துள்ளிக் குதிப்பான், இல்லை திட்டித் தீர்ப்பான் என்று காத்திருந்தாள். அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.

"நான் பார்த்தேன் டாக்டர். ரெண்டு கவரும் என் கைக்குத்தான் வந்துது. மறுநாள் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம், பந்தல்கூடப் போட்டாச்சு. பாவம், தபால்காரரைத் திட்டாதீங்க. மாத்திக் குடுத்தது நான்தான்."