உலர்திராட்சை, கருகிய சர்க்கரை

அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: பீர் ஆலையின் மேலாளர் ரெங்கராஜு, தலைமைச் சுவைஞர் தணிகாசலம், அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் எஸ்தர். மேஜையில் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த கடுமையான ஏல் பீர், ஒரே பாட்டிலிலிருந்து இரண்டு கிளாஸ்களில். போன மாதம் வந்த காய்ச்சலில் தணிகாசலத்துக்கு வாசனை அறியும் சக்தி அடியோடு போய்விட்டது. தெரிந்தால் வேலை போய்விடும். வீட்டில்கூட அவர் சொல்லவில்லை.

சுவைக் குறிப்பை எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது என்பது அந்த அறையின் வழக்கம். தணிகாசலம் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றினார். கண்ணை மூடி, மூக்கை நுரைவரை இறக்கினார். நாக்கில் கசப்பு தெரிந்தது, தொண்டையில் சூடு தெரிந்தது. மற்றதை எப்போதோ குடித்த ஞாபகத்திலிருந்து எழுதினார்: உலர்திராட்சை, கருகிய சர்க்கரை, மழையில் நனைந்த மரம். எழுதிவிட்டு மிச்சத்தையும் குடித்தார்.

எஸ்தர் தன் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகவே இல்லை. அவள் தாளில் ஒரே வரி இருந்தது: அழுகிய முட்டை நாற்றம், பாட்டில் கெட்டுவிட்டது.

மேலாளர் இரண்டு தாள்களையும் இரண்டு முறை படித்தார். "எஸ்தர், அந்த ஜன்னலத் தொறம்மா."

"ஏன் சார், புழுக்கமா இருக்கா?" என்று கேட்டார் தணிகாசலம்.

ஜன்னலைத் திறந்த எஸ்தர் திரும்பாமலே சொன்னாள். "ஆமாண்ணே. ரொம்பப் புழுக்கம்."

"ஏசி ஓடுதேம்மா."

மேலாளர் தணிகாசலத்தின் காலிக் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தணிகாசலம், கொஞ்சம் வெளிய இருங்க."

அவர் எழுந்து போனார். எஸ்தர் கதவைச் சாத்தி உள்ளே தாழிட்டாள்.